பியூட்டேன் கேன் நாலு மிச்சம் இருக்கிறது, வேறு எதற்குப் பயன்படும்?

மொட்டைமாடி (சென்னை) எழுதியது:

வணக்கம். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது வேளச்சேரியில் எங்கள் தரைத்தளத்து வீட்டுக்குள் தொடையளவு தண்ணீர். சமையலறை மூலையில் நின்ற சிலிண்டர் படகு மாதிரி மிதந்து வந்து கூடத்துக் கதவில் முட்டிக்கொண்டு நின்றது. நல்லவேளை, தண்ணீர் ஏறத் தொடங்கும்போதே ரெகுலேட்டரைக் கழற்றி மூடியைப் போட்டிருந்தேன். மூன்று நாள் மாடி வீட்டு அக்கா வீட்டில்தான் இருந்தோம். அங்கேயும் மின்சாரம் இல்லை, சிலிண்டரும் நேரம் பார்த்துத் தீர்ந்துபோனது. அவரிடம் சூட்கேஸ் மாதிரிப் பெட்டியில் வரும் சின்ன அடுப்பு ஒன்று இருந்தது, பக்கத்தில் ஸ்ப்ரே டப்பா மாதிரி ஒரு கேனைப் படுக்கவைத்துப் பூட்டுவார்களே, அது. ஒன்பது பேருக்குக் கஞ்சி, குழந்தைக்குப் பால், எல்லாருக்கும் குடிக்க வெந்நீர், அத்தனையும் அந்த அடுப்பில்தான்.

தண்ணீர் வடிந்த அடுத்த வாரமே நானும் அதேபோல ஒன்று வாங்கினேன், கூடவே ஆறு கேன். ஒவ்வொன்றிலும் 225 கிராம் பியூட்டேன் என்று போட்டிருக்கிறது. ஒன்று சும்மா எரித்துப் பார்த்ததில் தீர்ந்தது, இன்னொன்று ஏற்காட்டில் டீ போட்டதில். மிச்சம் நாலும் பரண்மேல் கிடக்கின்றன. வெள்ளம் வரட்டும் என்று காத்திருக்கவும் முடியவில்லை, தூக்கிப் போடவும் மனசில்லை.

இந்த பியூட்டேனை வீட்டில் வேறு எதற்கெல்லாம் பயன்படுத்தலாம்? வீட்டு சிலிண்டரில் இருப்பதும் இதுவும் ஒன்றுதானா? ஒன்றுதான் என்றால், கடைக்காரர் ஒரு அடாப்டர் காட்டினார், பித்தளையில் விரல் நீளத்துக்கு இருக்கிறது, வீட்டு சிலிண்டரிலிருந்து காலி கேனில் நாமே நிரப்பிக்கொள்ளலாமாம். கேன் விலைக்கு அது லாபம்தான். என் மனைவி அதைக் கண்ணால் பார்த்ததுமே வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது என்றுவிட்டார், அதனால் இன்னும் வாங்கவில்லை. அப்புறம் அடுத்த மாதம் ராமேஸ்வரம் போகிறோம், ரயிலில். அடுப்பை எடுத்துப்போனால் அம்மாவுக்கு வெந்நீர் வைத்துக் கொடுக்கலாம். யாராவது அப்படி எடுத்துப்போயிருக்கிறீர்களா?

---

கம்ப்ரசர் (கோயம்புத்தூர்):

வேறு எதற்குப் பயன்படும் என்று கேட்கிறீர்கள், நீங்கள் தினமும் அதைப் பயன்படுத்திக்கொண்டுதான் இருக்கிறீர்கள், தெரியாமல். குளியலறையில் இருக்கும் டியோடரண்ட் டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். பியூட்டேன், ஐசோபியூட்டேன், புரொப்பேன் என்று பொடி எழுத்தில் இருக்கும். வாசனைத் திரவத்தை வெளியே தள்ளுவதே அந்த வாயுதான். ஷேவிங் ஃபோம், முடிக்கு அடிக்கும் ஸ்ப்ரே இவற்றிலும் பெரும்பாலும் அதேதான். ஒரு காலத்தில் இந்த டப்பாக்களில் சிஎஃப்சி வாயுக்கள் இருந்தன, அவை தீப்பிடிக்காது, ஆனால் ஓசோனைத் தின்னும். 1987 மான்ட்ரியல் ஒப்பந்தத்துக்குப் பிறகு அவற்றை உலகமே படிப்படியாகக் கைவிட்டது, தீப்பிடிக்கும் இந்த வாயுக்கள் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டன. பூஜை அறையில் விளக்கு எரியும்போது பக்கத்தில் நின்று டியோடரண்ட் அடிக்காதே என்று என் பையனிடம் நூறு தடவை சொல்லியிருக்கிறேன்.

என் தொழில் ஃபிரிட்ஜ் மெக்கானிக். கடந்த சில ஆண்டுகளில் வாங்கிய ஃபிரிட்ஜ் என்றால் பின்னால் கம்ப்ரசரில் ஒட்டியிருக்கும் தாளைப் பாருங்கள், ஆர்600ஏ என்று இருந்தால் உள்ளே ஓடுவது ஐசோபியூட்டேன், உங்கள் பியூட்டேனுக்கு ஒன்றுவிட்ட தம்பி. அணுக்கள் அதே எண்ணிக்கை, கோத்திருக்கும் விதம் மட்டும் வேறு. மைனஸ் 11.7 டிகிரியிலேயே கொதிக்கும். கொதிக்கும்போது சுற்றியிருக்கும் சூட்டை உறிஞ்சும், உங்கள் பால் பாக்கெட் குளிர்வது அதனால்தான். வீட்டு ஃபிரிட்ஜ் ஒன்றுக்கு 40 முதல் 70 கிராம் போதும், உங்கள் கேனில் இருப்பதில் ஏறக்குறைய கால் பங்கு. முன்பு ஆர்134ஏ என்ற குளிர்வாயு போட்ட காலத்தில் இதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் போட வேண்டியிருந்தது.

இதைச் சொன்னதும் சிலருக்கு யோசனை வரும், கேனிலிருந்து ஃபிரிட்ஜுக்கு கேஸ் ஏற்றினால் என்ன என்று. செய்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். நாலு மாதம் ஓடும், அப்புறம் கம்ப்ரசர் போகும். லைட்டர் கேஸிலும் அடுப்பு கேஸிலும் ஈரம் இருக்கும், கந்தக வாசனைப் பொருள் இருக்கும், கலவையும் வேறு. உள்ளே வாயு போகிற கேப்பிலரி என்ற மெல்லிய குழாய் தலைமுடி மாதிரி, துளி ஈரம் உறைந்தாலே அடைத்துக்கொள்ளும்.

இன்னொன்று, தொழிலில் இருப்பவர்களுக்கு. பழைய ஃபிரிட்ஜில் டார்ச்சைப் பற்றவைத்து பிரேசிங்கை, அதாவது உலோகம் உருக்கி ஒட்டிய இணைப்பைக் கழற்றியே குழாயைப் பிரித்தோம், அது கைப்பழக்கம் ஆகிவிட்டது. ஆர்600ஏ வந்த புதிதில் நானும் அதேபோல நெருப்பைக் காட்டினேன். கேஸை எல்லாம் வெளியே விட்டாயிற்று என்றுதான் நினைத்தேன். ஆனால் கம்ப்ரசர் ஆயிலில் கரைந்து கொஞ்சம் மிச்சம் இருக்கும், அது தெரியாது அப்போது. புஸ்ஸென்று ஒரு சுடர். வலது புருவம் வளர்ந்து வர மூன்று மாதம் ஆனது, வீட்டில் எல்லாரும் சிரித்தார்கள். இப்போது கட்டர் வைத்துத்தான் வெட்டுகிறேன், ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு.

---

தலைக்கறி (மதுரை):

மெக்கானிக் அண்ணன் பெரிய விஷயமெல்லாம் சொல்லிவிட்டார். நான் வயிற்று விஷயம் சொல்கிறேன்.

கேன் தலையில் மாட்டுகிற டார்ச் ஒன்று விற்கிறது, துப்பாக்கி மாதிரி விசை இருக்கும், பட்டன் அழுத்தினால் நீலச் சுடர். நான் வாங்கியது நாட்டுக்கோழிக்காக. இறகு பிடுங்கியதும் மஞ்சள் தடவி வாட்டுவோமே, முன்பு வைக்கோலோ காய்ந்த பனையோலையோ கொளுத்தி வாட்டுவார்கள், அடுக்குமாடி வீட்டில் அதற்கு எங்கே போவது? இந்த டார்ச்சில் ஐந்து நிமிடத்தில் வேலை முடியும். கறிக்கடைகளில் ஆட்டுத்தலை, கால் வாட்டித் தருவதைப் பாருங்கள், அங்கே பெரிய சிலிண்டரில் குழாய் போட்ட பெரிய டார்ச், தத்துவம் ஒன்றுதான். கத்திரிக்காய் சுட்டுக் கொத்சு செய்ய, வெங்காயம் தக்காளி தோல் கருகும்படி சுட்டுச் சட்னி அரைக்க, எல்லாவற்றுக்கும் அது. அப்பளம் மட்டும் சுடாதீர்கள். சுடர் ரொம்பக் கூர்மை, ஒரு பக்கம் கருகும்போது மறுபக்கம் பச்சையாக இருக்கும். அப்பளத்துக்குத் தணல்தான்.

ஒரே எச்சரிக்கை. பற்றவைத்த உடனே கேனைக் கவிழ்க்காதீர்கள். வாயுவாக வர வேண்டியது திரவமாகவே வந்துவிடும், நீலச் சுடர் திடீரென்று மஞ்சளாக ஒரு முழம் நீண்டு முகத்துக்கு வரும். அரை நிமிடம் நிமிர்த்தியே எரியவிட்டால் டார்ச்சின் தலை சூடாகும், அப்புறம் மெல்லச் சாய்க்கலாம். கறியின் மேல் கேஸ் வாசனை அடிக்கிறது என்று சிலர் சொல்வதும் பாதி இதனால்தான், சரியாக எரியாத சுடரை மஞ்சளாக இருக்கும்போதே கறியில் காட்டிவிடுகிறார்கள்.

---

மொட்டைமாடி:

அருமை. டார்ச் வாங்கப்போகிறேன், மனைவியும் தலையாட்டிவிட்டார், கத்திரிக்காய் கொத்சு என்றதும். ஆனால் அடாப்டரைப் பற்றியும் ரயிலைப் பற்றியும் யாருமே வாய் திறக்கவில்லையே?

---

சீல் மூடி (மணலி):

நான் சொல்கிறேன். சிலிண்டர் நிரப்பும் ஆலையில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். உங்கள் வீட்டம்மா சொன்னதுதான் சரி, ஏன் சரி என்று கொஞ்சம் விளக்குகிறேன்.

வீட்டு சிலிண்டரில் இருப்பது பியூட்டேன் மட்டுமில்லை, பியூட்டேனும் புரொப்பேனும் கலந்தது. கலவை விகிதம் லாட்டுக்கு லாட் கொஞ்சம் மாறும். இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி தெரிந்தாலும் குணத்தில் ரொம்ப வித்தியாசம். பியூட்டேன் மைனஸ் அரை டிகிரியில் கொதிக்கும், புரொப்பேன் மைனஸ் 42இல். அதாவது சென்னை வெயிலில், 35 டிகிரி என்று வையுங்கள், மூடிய பாத்திரத்துக்குள் பியூட்டேன் சுமார் 3.3 பார் அழுத்தம் கொடுக்கும் (ஒரு பார் என்பது ஏறக்குறைய நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்). புரொப்பேன் அதே சூட்டில் 12 பார். மலிவான பிளாஸ்டிக் லைட்டருக்குள்ளும், தகரக் கேனுக்குள்ளும் பியூட்டேனை அடைக்க முடிவது அது சாதுவான வாயு என்பதால்தான். சிலிண்டர் கனமான இரும்பில் இருப்பது ஏன் என்றும் இப்போது புரியும். அந்தத் தகரத்துக்குள் சிலிண்டர் கேஸை விட்டால், அது தாங்குவதற்கென்று யாரும் செய்யாத அழுத்தத்தை அதன்மேல் ஏற்றுகிறீர்கள். உடனே வெடிக்காது. அதுதான் ஆபத்தே. நாலு தடவை ஒன்றும் ஆகாமல் இருக்கும், இணையத்தில் வீடியோவும் போடுவார்கள், ஐந்தாவது தடவை அடுப்பில் மாட்டிச் சூடேறும்போது தெரியும்.

அதைவிட மோசம் அளவு. ஆலையில் ஒவ்வொரு சிலிண்டரையும் எடை பார்த்துத்தான் அனுப்புவோம், ஒருபோதும் வாய்வரை நிரப்ப மாட்டோம், மேலே இடம் விட்டே ஆக வேண்டும். காரணம் இந்தத் திரவம் சூட்டில் வேகமாகப் பருக்கும், 10 டிகிரி ஏறினால் ஏறக்குறைய 2 விழுக்காடு. தண்ணீர் அப்படிப் பருக்காது. மேலே வாயுவுக்கு இடம் இருந்தால் அது அமுங்கிக்கொடுக்கும். இடமே இல்லாமல் திரவம் முட்ட முட்ட நிறைந்திருந்தால் திரவம் அமுங்காது, பாத்திரம்தான் கிழியும். அந்தப் பித்தளை அடாப்டரில் எடை பார்ப்பது எப்படி? வேகமாக இறங்கட்டும் என்று கேனை ஃபிரீசரில் வைத்துவிட்டு, சிலிண்டரைத் தலைகீழாகக் கவிழ்த்து, அதன்மேல் வெந்நீர் ஊற்றுகிறவர்களை நேரில் பார்த்திருக்கிறேன். குளிர்ந்த கேனில் நிறைய இறங்கும், அப்புறம் கேன் அறைச் சூட்டுக்கு வரும். மேலே சொன்னதை இதோடு சேர்த்துப் பாருங்கள். சட்டப்படியும் ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு வீட்டில் மாற்றுவது குற்றம், ஆனால் நான் சட்டத்துக்காகச் சொல்லவில்லை.

ஒரு கேன் முழுக்கக் கசிந்தால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். 225 கிராம் திரவம் வாயுவானால் 90 லிட்டருக்கு மேல். காற்றில் நூற்றுக்கு 1.8 பங்கு பியூட்டேன் கலந்தாலே பற்றும், அப்படியானால் ஒரு சின்னக் குளியலறையை முழுக்கப் பற்றும் கலவையாக்க ஒரே கேன் போதும். அதுவும் காற்றைப்போல இரண்டு மடங்கு கனம், தரையில் தேங்கி நிற்கும், பரணிலிருந்து வழிந்து கீழே சிங்க் துவாரத்துக்குள்கூட இறங்கும். கேனைப் பரணில் வைப்பதைவிட, வெயில் படாத, காற்றோட்டமான இடத்தில் தரைமட்டத்தில் வையுங்கள். மேல்தளத்து வீட்டில் ஓட்டுக்குக் கீழே பரண் என்றால் மே மாதம் அந்த இடம் எவ்வளவு சுடும் என்று உங்களுக்கே தெரியும். காரில் விட்டுவிட்டுப் போகவே கூடாது.

சிலிண்டர் மிதந்ததைச் சொன்னீர்களே, அது எனக்குப் பிடித்த விஷயம். நிறை சிலிண்டரே மிதக்கும். இரும்பு ஏறக்குறைய 15.5 கிலோ, கேஸ் 14.2, மொத்தம் 30க்குள். உள்ளே கொள்ளளவு மட்டுமே 33 லிட்டர், இரும்பின் கனத்தையும் சேர்த்தால் 35 லிட்டர் தண்ணீரை ஒதுக்கும். இந்தத் திரவம் தண்ணீரில் பாதிக் கனம்தான். வெள்ளம் வரும் வீடுகளில் சிலிண்டரைக் கயிறு போட்டு ஜன்னல் கம்பியில் கட்டிவையுங்கள், ரெகுலேட்டரோடு மிதந்தால் ரப்பர் குழாய் பிய்ந்துகொள்ளும். நீங்கள் மூடி போட்டது மிகச் சரி.

ரயில். வேண்டவே வேண்டாம். 2023 ஆகஸ்ட் 26, மதுரை ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் நிறுத்திவைத்திருந்த சுற்றுலாப் பெட்டியில், உத்தரப் பிரதேசத்திலிருந்து வந்தவர்கள் திருட்டுத்தனமாகக் கொண்டுவந்த சிலிண்டரைப் பற்றவைத்ததில் 9 பேர் இறந்தார்கள். அவர்களும் டீ போடத்தான் பற்றவைத்தார்கள். கேன் சின்னதாயிற்றே என்று நினைக்க வேண்டாம், ரயில்வே சட்டத்துக்கு எல்லாமே எரியக்கூடிய பொருள். அம்மாவுக்கு ஒரு நல்ல ஃபிளாஸ்க் வாங்கிக் கொடுங்கள். விமானத்திலும் கேனைக் கைப்பையிலும் சரி, பெட்டியிலும் சரி, விட மாட்டார்கள்.

---

பனங்கிழங்கு (யாழ்ப்பாணம்):

சீல் மூடி ஐயா சொன்ன அந்த விகிதக் கதையை நாங்கள் நாடாகவே அனுபவித்தோம். 2021 நவம்பர், டிசம்பரில் இலங்கை முழுக்க வீடுகளில் காஸ் அடுப்பு வெடிக்கிறது, குழாய் எரிகிறது, கண்ணாடி மேற்தட்டு அடுப்பு சில்லுச் சில்லாக உடைகிறது என்று ஒவ்வொரு நாளும் செய்தி. நூற்றுக்கணக்கான சம்பவங்கள். முதலில் அடுப்புதான் பிழை, குழாய்தான் பிழை, பாவிக்கிற பெண்கள்தான் கவனமில்லை என்று எல்லாம் கதைத்தார்கள். பிறகு அரசாங்கம் போட்ட குழு, சிலிண்டருக்குள் இருந்த கலவை மாறியதுதான் முக்கியக் காரணம் என்று சொன்னது. எங்கள் நாட்டில் வழக்கமாகப் பியூட்டேன் கூட, புரொப்பேன் குறைவு. அந்த நேரம் புரொப்பேனைக் கூட்டிவிட்டார்கள். வெளியில் பார்க்க அதே சிலிண்டர், அதே நிறம், உள்ளே அழுத்தம் மட்டும் கூட. வருடக்கணக்காகக் குறைந்த அழுத்தத்துக்குப் பழகிப்போன ரெகுலேட்டரும் குழாயும் எப்படித் தாங்கும்? மணக்கச் செய்கிற மேர்கப்டன் போதாமல் இருந்தது என்றும் கதை வந்தது, கசிவு மூக்குக்குத் தெரிய வேண்டும் அல்லவா.

எங்கள் வீட்டில் ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் அம்மா சிலிண்டரைக் குசினிக்கு வெளியில் தூக்கி வைத்துவிட்டு, இரவில் எழும்பி எழும்பிப் போய் மணந்து பார்ப்பா. ஒரு மாதம் விறகடுப்பில்தான் சமையல். அடுத்த வருடம் காஸே இல்லாமல் வரிசையில் நின்றது தனிக்கதை, அப்போது அந்த விறகடுப்புப் பழக்கம் கை கொடுத்தது. கேனுக்குள் வீட்டுக் காஸை அடைக்கிற யோசனை உள்ளவர்கள் எங்களை நினைத்துப் பாருங்கோ. இரும்புச் சிலிண்டரோடு வந்த குழாயே தாங்கவில்லை.

---

நாபே சட்டி (தோக்கியோ):

வேலைக்காக இங்கே ஆறு வருடமாக இருக்கிறேன். இந்த அடுப்பு ஜப்பானில் வீட்டுக்கு வீடு உண்டு, காசெட்டோ கொன்ரோ என்பார்கள். குளிர்காலத்தில் சாப்பாட்டு மேசை நடுவில் வைத்து அதன்மேல் மண்சட்டியில் நாபே என்ற குழம்பு மாதிரி ஒன்று கொதிக்கும், எல்லாரும் சுற்றி உட்கார்ந்து எடுத்துச் சாப்பிடுவோம். நான் அதில் ரசம் வைத்து அலுவலக நண்பர்களுக்குக் கொடுத்தேன், ஜலதோஷத்துக்கு நல்லது என்று இரண்டு பேர் செய்முறை வாங்கிப்போனார்கள்.

இங்கே இது பேரிடருக்கான பொருளும்கூட. 1995 கோபே நிலநடுக்கத்தின்போது ஒரு நிறுவனத்தின் கேன் இன்னொரு நிறுவனத்தின் அடுப்பில் பொருந்தாமல் திண்டாடினார்களாம், அதற்குப் பிறகுதான் எந்தக் கேனும் எந்த அடுப்பிலும் பொருந்தும்படி அளவை ஒன்றாக்கினார்கள். நண்பர் வெள்ளத்தில் பட்ட பாட்டைப் படித்ததும் அதுதான் ஞாபகம் வந்தது.

நான் தெரிந்துகொண்ட சிலவற்றைச் சொல்கிறேன். கேனின் கழுத்து வளையத்தில் ஒரு வெட்டு இருக்கும், அது மேல்பக்கம் பார்க்கும்படிதான் மாட்ட வேண்டும். உள்ளே வளைந்த சின்னக் குழாய் ஒன்று இருக்கிறது, வெட்டு மேலே இருந்தால் அதன் வாய் திரவத்துக்கு மேலே, வாயு இருக்கும் பக்கம் நிற்கும். மாற்றி மாட்டினால் திரவம் வரும். அடுப்பைவிட அகலமான தோசைக்கல், கிரில் தட்டு எதையும் வைக்கக் கூடாது. கேன் இருக்கும் அறைக்கு மேலே தட்டு நீட்டிக்கொண்டிருந்தால் சூடு கீழே திரும்பி கேனை வேகவைக்கும், விபத்துகள் பல இப்படித்தான். இரண்டு அடுப்பை ஒட்டவைத்து ஒரே பெரிய அண்டாவை ஏற்றுவதும் அதே கதை, நம் ஊர் விசேஷ வீட்டில் யாராவது செய்வார்கள் என்றுதான் முன்கூட்டியே சொல்கிறேன். அழுத்தம் மிஞ்சினால் கேனைத் தானே தள்ளிவிடும் விசை நல்ல அடுப்புகளில் உண்டு, மலிவு அடுப்பில் இருக்கிறதா என்று வாங்கும்போது கேட்டுக்கொள்ளுங்கள்.

பிறகு காலாவதி. கேஸ் கெடாது, ஆனால் கேன் வாயில் இருக்கும் ரப்பர் வளையம் இறுகிப்போகும். கேனை 7 வருடத்துக்குள், அடுப்பை 10 வருடத்துக்குள் மாற்றச் சொல்கிறார்கள் இங்கே. உங்கள் நாலு கேனையும் அவ்வப்போது எரித்து, புதிதாக நாலு வாங்கி வைத்தால் வெள்ளத்துக்கும் ஆயிற்று, கொத்சுவுக்கும் ஆயிற்று. முழுச் சுடரில் ஒரு கேன் ஏறக்குறைய 70 நிமிடம் வரும், இளந்தீயில் இரண்டு மடங்குக்கு மேல். மூன்று நாளுக்கு எத்தனை வேண்டும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

ஜன்னலைத் திறந்து வையுங்கள், மழை அடித்தாலும். ஒரு கேன் எரிய 3 கன மீட்டர் காற்று வேண்டும். மூடிய அறையில் எரித்தால் கார்பன் மோனாக்சைடு வரும், அதற்கு வாசனை கிடையாது.

---

பனிக்கால் (திருப்பூர்):

ஏற்காடு வரைக்கும் சரி. இமயமலைப் பக்கம் போவதாக இருந்தால் இந்தக் கேனை நம்பாதீர்கள். 2019இல் இமாச்சலத்தில் விடியற்காலை மைனஸ் 4 டிகிரியில் பற்றவைத்துப் பார்த்தேன், கேனைக் குலுக்கினால் உள்ளே திரவம் தளதளவென்று ஆடுகிறது, அடுப்பில் மெழுகுவத்தி அளவுகூடச் சுடர் இல்லை. மைனஸ் அரை டிகிரிக்குக் கீழே அது ஆவியாகவே மாட்டேன் என்கிறது. உயரம் போகப் போக காற்றழுத்தம் குறைவதால் கொஞ்சம் சலுகை கிடைக்கும், அவ்வளவே. எரிய எரிய கேன் தானாகவும் சில்லிட்டுப்போகும். கேனை ராத்திரி தூக்கப்பைக்குள் வைத்துக்கொண்டு தூங்கியிருக்க வேண்டும், அது அடுத்த நாள்தான் புத்தியில் உறைத்தது. வெதுவெதுப்பான தண்ணீரில் நிற்கவைக்கலாம், கொதிநீரில் வைக்கவே கூடாது. மலையேறுபவர்களுக்கு ஐசோபியூட்டேனும் புரொப்பேனும் கலந்த திருகு மூடிக் கேன் தனியாக விற்கிறது, அதை வாங்குங்கள்.

மேற்குத் தொடர்ச்சி மலைக் காட்டுக்குள் எந்த அடுப்பையும் எடுக்காதீர்கள். 2018 மார்ச்சில் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி இறந்ததை மறந்திருக்க மாட்டீர்கள்.

---

குச்சி (கோவில்பட்டி):

எல்லாரும் பியூட்டேனைக் கொஞ்சுகிறீர்கள், எங்கள் ஊரில் வந்து அதன் பேரைச் சொல்லிப் பாருங்கள். வெளிநாட்டிலிருந்து வந்த பத்து ரூபாய் லைட்டர் எத்தனை தீப்பெட்டி ஆபீஸை மூடவைத்தது தெரியுமா? ஒரு லைட்டர் இருபது தீப்பெட்டிக்குச் சமம் என்பது எங்கள் ஊர்க் கணக்கு. 2022இல் தமிழக முதல்வர் மத்திய அரசுக்குக் கடிதம் எழுதினார், 2023 ஜூனில் 20 ரூபாய்க்குக் குறைந்த லைட்டரை இறக்குமதி செய்யத் தடை போட்டார்கள். என் சித்தி இன்னமும் பெட்டி அடைக்கத்தான் போகிறார், அதனால் கொஞ்சம் எரிச்சலோடு எழுதுகிறேன், மன்னிக்கவும்.

ஆனால் ஒரு திருத்தம். வீட்டில் கேஸ் அடுப்பைப் பற்றவைக்க டக் டக்கென்று அழுத்துவோமே, நீளமான கேஸ் லைட்டர், அதில் கேஸே கிடையாது. உள்ளே ஒரு படிகம், அடி விழுந்தால் மின்பொறி வரும், அவ்வளவுதான். அதில் கேஸ் தீர்ந்துவிட்டது, நிரப்பித் தா என்று என் கடைக்கு ஒருவர் வந்தார்.

---

மொட்டைமாடி:

எல்லாருக்கும் நன்றி. இவ்வளவு வரும் என்று எதிர்பார்க்கவில்லை. கேன்களைப் பரணிலிருந்து இறக்கி, பால்கனியில் செருப்பு அலமாரியின் கீழ்த்தட்டில், நிழலில் வைத்துவிட்டேன். அடாப்டர் பேச்சு முடிந்தது, சீல் மூடி ஐயா எழுதியதை மனைவிக்கு வாசித்துக் காட்டினேன், "இதைத்தானே நானும் சொன்னேன்" என்றார், அவர் சொன்னது நாலே வார்த்தை என்பது வேறு விஷயம். ராமேஸ்வரத்துக்கு ஃபிளாஸ்க். சிலிண்டருக்குக் கயிறு கட்டியாயிற்று. குச்சி, நேற்று டார்ச் வாங்கினேன், அதில் இருக்கும் பொறி விசை இரண்டாவது நாளே வேலை செய்யவில்லை. இப்போது உங்கள் ஊர்த் தீப்பெட்டியை வைத்துத்தான் பற்றவைக்கிறேன்.